ஊராத்துறைக் கடல்வழியும் நாகரி எழுத்துக் காசுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் தீவுகளுள் ஊர்காவற்றுறை அமைந்த தீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றும், சோழமண்டலக் கரையிலிருந்தும் பாண்டிநாட்டுக் கரையிலிருந்தும் இலங்கைக்கு வந்த கலங்கள் முதலில் கண்ட நிலங்களாக நெடுங்காலம் இருந்தன. கி.பி. 10 ஆம் நூற்றாண்டுக்கும் 13 ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இந்தக் கடல்வழியில் புழங்கிய காசுகளை இனங்காண்பதும் அவற்றின் எழுத்துகளை வாசிப்பதும் ஒரே வேலை என்று பலர் கருதுவதுண்டு. உண்மையில் இவை வெவ்வேறு வேலைகள். ஒன்று முடிந்துவிட்டது என்பதற்காக மற்றொன்றும் முடிந்ததாகக் கொள்ள முடியாது. இப்பகுதியின் நாணய வரலாற்றில் எழுத்து கடினமாகவும் உரிமையாளரை அறிதல் எளிதாகவும் அமைந்த காசுகள் ஒருபுறம் இருக்க, எழுத்து எளிதாகவும் உரிமையாளரை அறிதல் பல தலைமுறை விவாதமாகவும் அமைந்த காசுகள் மறுபுறம் இருக்கின்றன. முன்னதற்குச் சோழர் காலத்து வெள்ளிக் காசுகளும் அவற்றோடு ஒத்த அச்சில் அமைந்த செப்புக் காசுகளும் சான்று. பின்னதற்கு யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது காசுகள் சான்று.

காசுகளைப் பற்றிப் பேசுமுன் துறைமுகத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இன்று ஊர்காவற்றுறை என வழங்கும் ஊர் இடைக்காலச் சாசனங்களில் ஊராத்துறை எனக் குறிக்கப்படுகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையிலேயே வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் சேரும். வேறு வாணிபச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்குப் போகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் பதிப்பித்து ஆராய்ந்த இச்சாசனம், குதிரை வணிகத்துக்கு அரசு காட்டிய சலுகையைச் சொல்வதோடு, இத்தீவுகளின் வழியே பெருந்தொகைப் பணம் கைமாறியிருக்க வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு படையெடுப்புக்காகக் கப்பல்களையும் வீரர்களையும் திரட்டிய இடங்களாகப் புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம் முதலியவற்றோடு ஊராத்துறையையும் பெயர் சுட்டுகிறது. ஊர்காவற்றுறை அமைந்துள்ள அதே தீவின் கிழக்கு முனையில் உள்ள அல்லைப்பிட்டியில் சீனத்தின் வட சொங் ஆட்சிக் காலத்து (960–1127) மட்பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. 2018 இல் சாங்காய் அருங்காட்சியகக் குழுவினர் அங்கு அகழாய்வும் நடத்தினர். இத்தனை பேர் வந்துபோன ஒரு துறையில் பல நாட்டு, பல எழுத்துக் காசுகள் கலந்து கிடக்குமென எதிர்பார்ப்பது இயல்பு. அந்தக் கலப்பே இனங்காணலைச் சிக்கலாக்குகிறது.

காசுகளின் மூல வடிவம் இலங்கையில் தோன்றியது. அநுராதபுர அரசின் பிற்காலத்தில், ஏறத்தாழ 8 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை, கஹவணு என வழங்கிய பொற்காசு வெளியிடப்பட்டது. அதன் ஒரு முகத்தில் நின்ற நிலையில் ஓர் ஆண் உருவமும், மறுமுகத்தில் இருந்த நிலையில் ஓர் உருவமும், அதன் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ லங்காவிபு' என்ற வாசகமும் காணப்படும். லங்காவிபு என்பது இலங்கைக்குத் தலைவன் எனப் பொருள்படும் பட்டப்பெயர்; எந்த அரசனுடைய இயற்பெயரும் அதில் இல்லை. அதன் எட்டில் ஒரு பங்கான சிறு காசுக்கு அக என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காசின் பன்னிரண்டில் ஒரு பங்காக வரும் அக்கம் என்ற அலகு இதனோடு உறவுடையது என்பது நாணயவியலாளர் கருத்து. ஈழக்காசு என்ற பெயர் முதலாம் பராந்தகன் (907–955) காலக் கல்வெட்டுகளிலேயே வருகிறது. ஆகவே, சோழர் ஆட்சி இலங்கையில் நிலைகொள்வதற்கு இரண்டு தலைமுறை முன்னரே இலங்கைக் காசு தமிழ்நாட்டில் கணக்குக்கு உரிய பணமாக அறியப்பட்டிருந்தது.

கி.பி. 993 அளவில் முதலாம் இராசராசன் (985–1014) வட இலங்கையைக் கைப்பற்றியபோது, ஏற்கெனவே மக்கள் நம்பிக்கையைப் பெற்றிருந்த அந்த வடிவத்தையே தன் காசுக்கும் எடுத்துக்கொண்டான். நின்ற உருவமும் இருந்த உருவமும் அப்படியே இருக்க, லங்காவிபு என்ற பட்டம் இருந்த இடத்தில் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர் ஏறியது. இவ்வகைக் காசு பொன், வெள்ளி, செம்பு மூன்றிலும் உண்டு. செம்பு மிகப் பெருவாரி, வெள்ளி மிக அரிது. யாழ்ப்பாணக் கோட்டையில் கண்டெடுக்கப்பட்ட முதலாம் இராசேந்திரன் காலத்துத் துண்டுக் கல்வெட்டு குடாநாட்டில் சோழ ஆட்சி நிலைபெற்றிருந்ததைக் காட்டுகிறது. 1070 இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவும் அவனுக்குப் பின்வந்த பொலநறுவை மன்னரும் அதே நின்ற உருவக் காசைத் தம் பெயரில் தொடர்ந்து வெளியிட்டனர். வென்றவன் தோற்றவன் காசைப் பின்பற்றியதும், அவனை வென்றவன் மீண்டும் அதையே பின்பற்றியதுமாக ஒரே வடிவம் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. இதனால் உருவத்தை மட்டும் பார்த்து ஒரு காசை எந்த அரசுக்கும் உரியதென முடிவுகட்ட இயலாது. எழுத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

வெள்ளியின் நிலை தனியே கவனிக்கத் தக்கது. இலங்கையின் பண்டைய வெள்ளிப் பணம் முத்திரை குத்திய காசுகளே. சர் போல் பீரிஸ் 1917 ஐ அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்து எழுதிய கந்தரோடையிலும் அவை கிடைத்துள்ளன. அவற்றில் குறிகள் உண்டு, எழுத்து இல்லை. அக்காசுகள் வழக்கொழிந்த பிறகு பல நூற்றாண்டுகள் வெள்ளி பின்தங்கியது; இடைக்காலத்தில் அது பெரும்பாலும் பொன்னோடு கலந்த கலப்பாகவே காசுக்குள் புகுந்தது. காலம் செல்லச்செல்லப் பொற்காசில் வெள்ளியின் கூறு ஏறி நிறம் வெளிறியது. வெளிறிய பொற்காசு, நல்ல வெள்ளிக் காசு, வெள்ளி கலந்த செம்பு, வெள்ளி முலாம் பூசிய செம்பு ஆகிய நான்கும் மண்ணில் நெடுநாள் கிடந்தபின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி தோன்றக்கூடும். அதனால் ஆய்வாளர் எழுத்துக்குப் போகுமுன் எடையையும் ஒப்படர்த்தியையும் பார்க்கிறார். ஒப்படர்த்தி என்பது ஒரு பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்ற அளவு. தூய பொன்னுக்கு அது 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.9. காசை நூலில் கட்டி நீருக்குள்ளும் வெளியிலும் நிறுத்தாலே பொன் கலப்பு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். வெள்ளியையும் செம்பையும் பிரிப்பதற்கு இம்முறை அவ்வளவு கூர்மையானதன்று, ஏனெனில் இரண்டின் அளவுகளும் அருகருகே நிற்கின்றன. அதற்கு ஊடுகதிர் ஒளிர்வு முறையே இன்று நம்பத்தக்கது. அம்முறையுங்கூட மேற்பரப்பையே அளக்கிறது என்பதால், செம்பு கரைந்துபோய் வெள்ளி மட்டும் மேலே தங்கிய காசில் உண்மையைவிடக் கூடுதலான வெள்ளியைக் காட்டிவிடும்.

இனி எழுத்து. இடைக்காலக் காசு இரண்டு அச்சுகளுக்கு இடையில் ஓர் உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஆக்கப்பட்டது. அச்சில் எழுத்து இடம்வலம் மாறி வெட்டப்பட வேண்டும். அப்போதுதான் காசில் நேராக விழும். அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் சாலையில், அச்சு வெட்டிய கம்மியர் எல்லோரும் நாகரி எழுத்தை அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மாதிரியைப் பார்த்து வெட்டியவர் மாற்றி வெட்டத் தவறினால் காசில் எழுத்து திரும்பி நிற்கும். ஒரு கோடு விட்டுப்போனால் வேறு எழுத்தாகத் தோன்றும். மேலும் அச்சு அகலமாகவும் வில்லை சிறியதாகவும் இருப்பது வழக்கம். அடி நடுவில் விழாமல் ஒருபக்கம் சாய்ந்தால் வாசகத்தின் ஒரு பகுதி காசின் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஒரு தனிக் காசில் முழு வாசகமும் கிடைப்பது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். எனவே ஒரே அச்சில் அடித்த பல காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்றில் காணாமற்போன மேற்கோட்டை மற்றொன்றிலிருந்தும், அதில் காணாமற்போன அடிக்கோட்டை வேறொன்றிலிருந்தும் எடுத்து முழு வாசகத்தைச் சேர்த்துக் கட்டுவதே முறையான வழி. ஒரே அச்சிலிருந்து வந்தவை என்பதை எழுத்தின் சாய்வு, உருவத்தின் கையும் காலும் வளையும் விதம், அச்சில் ஏற்பட்ட வெடிப்பு காசில் மெல்லிய மேடாக விழுந்திருப்பது ஆகியவை காட்டிக்கொடுக்கும்.

நின்ற உருவக் காசுகளில் எழுத்துகள் வட்டமாக ஓடுவதில்லை. இருந்த உருவத்தின் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிறு வரிகளில் அடுக்கப்படுகின்றன. முதல் வரியில் ஸ்ரீ, அதன்கீழ் இரண்டிரண்டு எழுத்துகள் என்பது பொதுவான அமைப்பு. நாகரி எழுத்தில் மேற்கோடு ஒவ்வொரு எழுத்துக்கும் தலைப்பாக நிற்கும். நெடிலைக் காட்டும் கால் வலப்பக்கம் செங்குத்தாக இறங்கும். வலப்பக்க விளிம்பு தேய்ந்தால் முதலில் மறைவது அந்தக் காலே. அப்போது 'ராஜ' என்பது 'ரஜ' எனக் குறிலாகத் தெரியும். இதைக் கண்டு புதிய ஓர் அரசன் பெயரைக் கண்டுபிடித்ததாகக் கருதுவது தொடக்க நிலையில் உள்ளவர் எவருக்கும் நேரக்கூடிய பிழை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 'ஸ்ரீ ராஜ' என்ற முதல் இரண்டு வரிகள் மட்டும் தெளிவாக உள்ள ஒரு காசு இராசராச சோழனுடையதாகவும் இருக்கலாம். 12 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மூன்று முறை பொலநறுவை அரியணை ஏறிய லீலாவதி அரசியுடையதாகவும் இருக்கலாம். அவளுடைய காசின் வாசகம் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்பது. இருவருக்கும் இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி உள்ளது. ஆயினும் மூன்றாவது வரியின் முதல் எழுத்து தெரியாதவரை வாசகத்தால் மட்டும் பிரித்தறிய முடியாது. அவ்வெழுத்து ரகரமா லகரமா என்பதில்தான் தீர்ப்பு தங்கியிருக்கிறது. நாகரியில் லகரத்துக்கு இடப்பக்கம் வளைந்த சுழிப்பு உண்டு, ரகரத்துக்கு இல்லை. சுழிப்பின் மிச்சம் ஒரு புள்ளியளவு தெரிந்தாலும் போதும். வாசகத்தின் முடிவிலும் இதே இடர்ப்பாடு காத்திருக்கிறது. 'பாஹு' என்ற ஈற்றெழுத்துகள் மட்டும் எஞ்சிய காசு விஜயபாகுவுக்கும் பராக்கிரமபாகுவுக்கும், 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாப்பகுவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகுவுக்கும் சமமாகப் பொருந்தும். எழுத்து எத்தனை வரியில் பிரிந்துள்ளது, முதல் எழுத்துக்கும் ஈற்றெழுத்துக்கும் இடையில் எத்தனை எழுத்துக்கு இடம் உள்ளது என்பதை அளந்து பார்ப்பது இங்கே பயன்தரும். 'விஜய' என்பதற்கு வேண்டிய இடத்தில் 'பராக்ரம' அடங்காது.

உருவத்தின் வேலைப்பாடும் துணைசெய்யும். கஹவணுவில் உடலும் ஆடையும் ஓரளவு பருமனோடு காட்டப்பட்டிருக்க, சோழர் காசில் அவை கோடுகளாகச் சுருங்கி, பொலநறுவையின் பிற்காலக் காசுகளில் கையும் காலும் கம்பிகளாகவே ஆகிவிடுகின்றன. ஆனால் இந்தப் படிமுறையைக் காலத்தை அளக்கும் கோலாக அப்படியே கொள்வது ஆபத்தானது. ஒரே அரசன் காலத்திலேயே தேர்ந்த கம்மியனும் தேராத கம்மியனும் அச்சு வெட்டியிருப்பர். நாணய நூல்கள் சிலவற்றில் இவ்வகைக் கலைநோக்குத் தீர்ப்புகள் தேவைக்கு மேல் உறுதியோடு சொல்லப்படுகின்றன.

சோழரின் இன்னொரு வகை வெள்ளிக் காசு முற்றிலும் வேறு அமைப்புடையது. அதன் நடுவில் சோழரின் புலி அமர்ந்திருக்க, பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் பக்கத்தில் இடம்பெற, மேலே குடையும் இருபுறம் கவரியும் காணப்படும். மூவேந்தர் இலச்சினைகளும் ஒரே குடைக்கீழ் வந்துவிட்டதால், எழுத்தறியாதவனும் இது யாருடைய காசு என்று அறிந்துகொள்வான். வாசகம் இவ்வகையில் புலியின் கீழோ விளிம்பைச் சுற்றியோ ஓடும். முதலாம் இராசேந்திரனின் காசுகளில் 'கங்கைகொண்ட சோழ' என்ற பட்டம் நாகரியில் வருவதுண்டு. கங்கைப் படையெடுப்பு 1020களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. ஆதலால் இந்த வாசகமுள்ள காசு அதற்கு முன் அடிக்கப்பட்டிருக்க முடியாது. ஆண்டு பொறிக்கப்படாத ஒரு காசுக்கு இதைவிடத் துல்லியமான கால எல்லை எளிதில் கிடைப்பதில்லை.

இந்த வாசகத்தை வாசிப்பதில் தமிழறிந்தவருக்குத் தனியான நன்மையும் தனியான இடரும் உள்ளன. பட்டம் தமிழ்ப் பட்டம் என்பதால் பாதி எழுத்து தெரிந்தாலே மீதியை ஊகித்துவிடலாம். ஆனால் நாகரியில் ழகரம் இல்லை. சோழ என்ற பெயர் லகரத்தாலோ ளகரத்தாலோ எழுதப்பட வேண்டியிருந்தது. ழகரத்தைத் தேடும் கண்ணுக்கு அந்த எழுத்து பிழையாகப் படும். சமஸ்கிருத எழுவாய் வடிவத்தைக் காட்டப் பெயரின் ஈற்றில் விசர்க்கம் என்ற இரட்டைப் புள்ளி இடப்படும். காசின் விளிம்பைச் சுற்றி அழகுக்காக இடப்படும் மணிப்புள்ளி வரிசையோடு அது கலந்துவிட்டால் எழுத்தா அலங்காரமா என்று சொல்வது கடினம். ஐகாரத்தைக் குறிக்கத் தலைக்கோட்டின் மேலே வரும் இரு கோடுகளும் விளிம்புக்கு வெளியே போய்விடும் இயல்புடையவை. தமிழ்க் கல்வெட்டில் பழகியவர் நாகரிக் காசை வாசிக்கும்போது தாம் அறிந்த பட்டத்தைக் காசின்மேல் ஏற்றிப் படிக்காமல், தெரியும் கோடுகளை முதலில் அப்படியே வரைந்துகொண்டு, பிறகே ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்தப்படுவது இதனாலேயே. ஆனால் வரைபடத்தையே காசாக எண்ணிவிடவும் கூடாது. உத்தம சோழன் (971–985) பெயர் பொறித்த பொற்காசு ஒன்று 19 ஆம் நூற்றாண்டில் சர் வால்டர் எலியட் வெளியிட்ட வரைபடத்தின் வழியாகவே அறியப்படுகிறது. காசு கைக்கு எட்டாத நிலையில், எழுத்து வடிவத்தைப் பற்றி அவ்வரைபடத்துக்கு அப்பால் எதுவும் பேச முடிவதில்லை.

இக்காசுகளின் எழுத்துகளை முதலில் முறையாக வாசிக்க முயன்றவர்களுள் ஒருவர் 1830களில் கல்கத்தாவில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தை வாசித்ததற்காகப் புகழ்பெற்ற அவர், இலங்கையின் நின்ற உருவக் காசுகளையும் எடுத்து ஆராய்ந்தார். இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராக இருந்த ஜோர்ஜ் டேர்ணர் மகாவம்சத்திலிருந்து தொகுத்த அரசர் வரிசை அவ்வேளை கிடைத்தமையால், காசில் தெளிவில்லாது நின்ற பெயர்களுக்கு ஒப்பிடத் தக்க பட்டியல் ஒன்று கைவசமாயிற்று. பின்னர் றைஸ் டேவிட்ஸ் 1877 இலும், கொட்றிங்டன் 1924 இலும் வெளியிட்ட நூல்கள் இந்த வாசிப்புகளைத் திருத்தி நிலைப்படுத்தின. பட்டியலின் துணை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டியலில் உள்ள பெயர் காசில் இருந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்போதே வேரூன்றிவிட்டது. மகாவம்ச மரபில் இடம்பெறாத அரசர் எவரேனும் காசு அடித்திருந்தால் அவரைக் கண்டுகொள்ள அந்தப் பட்டியல் உதவாது. வட இலங்கையில் நேர்ந்தது சரியாக அதுவே.

யாழ்ப்பாணப் பகுதியில் தொடர்ந்து கிடைத்துவந்த ஒரு செப்புக் காசு வகையில், ஒரு முகத்தில் இருபுறமும் விளக்குகள் நிற்க நடுவில் மனித உருவமும், மறுமுகத்தில் நந்தியும், நந்தியின் மேலே பிறையும், தமிழில் 'சேது' என்ற சொல்லும் காணப்படுகின்றன. எழுத்து இரண்டே, அதுவும் தமிழ். இடைக்காலத் தமிழ் எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டும் வழக்கம் இல்லை. இன்று ஏகாரத்தைக் காட்டும் மேற்சுழி 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகே பரவியது. ஆகவே காசில் உள்ளபடி பார்த்தால் 'செது' என்றே தோன்றும். அதைச் சேது என்று வாசிப்பதில் எவருக்கும் தயக்கம் இருந்ததில்லை. சிக்கல் அதற்கு அப்பால் இருந்தது. சேது என்றவுடன் நினைவுக்கு வருபவர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். அவர்களும் தங்கள் பெயரில் தமிழ் எழுத்துக் காசுகள் வெளியிட்டவர்கள். இதனால் யாழ்ப்பாணத்துச் சேது காசுகள் நெடுங்காலம் அக்கரைக்கு உரியனவாகக் கருதப்பட்டன.

இந்தக் கருத்தை அசைத்தவர் நல்லூரிலிருந்து எழுதிய சுவாமி ஞானப்பிரகாசர். 1920 இல் இலங்கைத் தொல்பொருள் இதழொன்றில் யாழ்ப்பாண அரசர்களின் மறக்கப்பட்ட நாணயங்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, வாசகத்தைப் புதிதாக வாசிக்கவில்லை. வாசகத்தைச் சூழ்ந்த மற்றவற்றை வாசித்தது. இராமநாதபுரச் சேதுபதிகளின் ஆட்சி 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. சேது காசின் முகப்பிலோ பொலநறுவைக் காசுகளின் வழிவந்த மனித உருவம் நிற்கிறது. அந்த மரபு இலங்கையில் 13 ஆம் நூற்றாண்டோடு தளர்ந்துவிட்டது. நானூறு ஆண்டு கழித்துக் கடலுக்கு அப்பால் ஒருவர் அதை எடுத்து ஆண்டார் என்பது நம்பத் தக்கதன்று. ஆரியச்சக்கரவர்த்திகள் சேதுகாவலர் என்ற பட்டம் பூண்டவர்கள்; நந்தி அவர்களுடைய கொடிக்கும் இலச்சினைக்கும் உரியது. கேகாலை மாவட்டத்துக் கோட்டகமவில் கிடைத்த, சிங்கைநகர் ஆரியன் என்ற யாழ்ப்பாண அரசனின் வெற்றியைப் பாடும் தமிழ்க் கல்வெட்டின் தலைப்பிலும் சேது என்ற சொல்லே மங்கலச் சொல்லாக நிற்கிறது. முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலும், பின்னர் பேராசிரியர் சி. பத்மநாதன், பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆகியோரின் ஆய்வுகளும் இம்முடிவை மேலும் வலுப்படுத்தின.

இந்த வாதத்தில் எடை மிகுந்த கூறு, காசுகள் கிடைத்த இடம் பற்றியது. பொன்னும் வெள்ளியும் மதிப்புக்காக எங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டு நெடுந்தூரம் பயணிக்கும். ஊராத்துறையில் கரையேறிய ஒரு குதிரை வணிகன் கையிலிருந்த வெள்ளிக் காசு தஞ்சையில் அடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம், மேலைக் கரையில் அடிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அது நெடுந்தீவு மணலில் விழுந்தது என்பதால் நெடுந்தீவை ஆண்டவன் அதை வெளியிட்டான் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. செப்புக் காசு அப்படிப்பட்டதன்று. அதன் உலோக மதிப்பு சிறிது. அதை ஏற்கும் அங்காடியை விட்டு வெளியே போனால் பயன் குறைவு. எனவே ஒரு செப்புக் காசு வகை ஓரிடத்தில் பெருந்தொகையாகவும் தொடர்ச்சியாகவும் கிடைக்குமானால், அது அவ்விடத்து அன்றாடச் சில்லறை என்றே கொள்ள வேண்டும். சேது காசுகள் வட இலங்கையில் இவ்வாறு கிடைத்தவை. தீவுகளில் எடுக்கப்படும் ஒற்றை வெள்ளிக் காசைக் கொண்டு ஆட்சியெல்லை வரையும் கட்டுரைகள் இன்றும் வெளிவருவதைக் காணும்போது, இந்த வேறுபாட்டை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பராக்கிரமபாகு ஊராத்துறை வணிகருக்கு ஆணை விடுத்தபோது அதை நயினாதீவுக் கல்லில் தமிழில் எழுதுவித்தான்; அவனுடைய காசில் பெயர் நாகரியில் உள்ளது. இராசராசனும் தன் மெய்க்கீர்த்தியைக் கல்லில் தமிழில் வெட்டுவித்துக் காசில் நாகரியை வைத்தான். கல் படிக்கப்பட வேண்டியது. அதில் விதி, வரி, தண்டம் எல்லாம் உண்டு. காசின் எழுத்து பெரும்பாலார் படிப்பதற்காக இடப்பட்டதாகத் தெரியவில்லை; பழகிய நாணயத்தின் தோற்றத்தை மாற்றாமல் காக்கும் முத்திரையாகவே அது நின்றது. கஹவணு காலத்திலிருந்து நாகரி எழுத்து அந்தத் தோற்றத்தின் ஓர் உறுப்பாகிவிட்டதால், வந்தவர் எல்லோரும் அதை வைத்துக்கொண்டனர். வட இந்தியாவில் பிரதிகார மன்னன் போஜன் 9 ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட திரம்மம் என்ற வெள்ளிக் காசில் அவன் பெயர் இல்லாமல் ஆதிவராகன் என்ற பட்டம் மட்டும் உள்ளதும், மேற்கிந்தியாவில் பாரசீகச் சாசானியர் காசைப் பின்பற்றியவை காலப்போக்கில் எழுத்தே வெறும் கோடுகளாகச் சிதைந்த பிறகும் செல்லுபடியானதும் இதே போக்கைக் காட்டுகின்றன. இந்தப் பின்னணியில் ஆரியச்சக்கரவர்த்திகள் காசின் உருவத்தை வைத்துக்கொண்டு நாகரியைக் கைவிட்டுத் தமிழை ஏற்றியது துணிவான மாற்றமாகும். ஆனால் அவர்கள் அரசன் பெயரை எழுதவில்லை. செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறிமாறிப் பட்டம் தரித்த அரசர்களுள் எந்தக் காசு எவருடையது என்பதை வாசகத்தால் அறிய வழியில்லை; எடை, வில்லையின் அகலம், நந்தியின் வடிவம், எழுத்தின் வெட்டு ஆகியவற்றைக் கொண்டு முன்பின் வரிசையை மட்டுமே அமைக்க முடிகிறது.

தீவுகளின் மண் இந்த வேலைக்கு உகந்ததன்று. உப்புக் காற்றும் முருகைக் கல் மணலும் உள்ள இடத்தில் வெள்ளியின் மேற்பரப்பு வெள்ளிக்குளோரைட்டாக மாறிச் சாம்பல் நிறப் பொருக்காகப் படிகிறது. கலந்துள்ள செம்பு பச்சையாகக் கசிந்து வெளியேறுகிறது. எழுத்தின் மேடு பல வேளை அந்தப் பொருக்குக்குள்ளேயே பாதுகாக்கப்பட்டிருக்கும். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்ட காசில் பொருக்கோடு எழுத்தும் போய்விடுகிறது. பொருக்கைத் தொடாமல், இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக ஒளி பாய்ச்சி, ஒளியின் திசையை மாற்றிமாற்றிப் படம் எடுத்தால், நேரொளியில் தெரியாத கோடுகள் நிழலாக எழும். ஒரு திசையில் மறையும் கோடு இன்னொரு திசையில் தெரியும் என்பதால் ஒரே படத்தை நம்பி வாசிப்பது தவறு. பழைய ஆய்வாளர் மெழுகிலும் மெல்லிய ஈயத்தாளிலும் படி எடுத்ததும் இதே நோக்கத்தோடுதான். ஆனால் அரித்த வெள்ளி நொறுங்கக்கூடியது என்பதால் அழுத்தம் தரும் எந்த முறையும் இன்று விரும்பப்படுவதில்லை.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தின்படி இலங்கையில் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட காசுகள் தொல்பொருள் என்ற வகைக்குள் வருகின்றன. தற்செயலாகக் கிடைத்தாலும் அறிவிக்கப்பட வேண்டியவை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டுகளும் சோழர் காசுகளும் ஒரே நிலத்தில் கிடைக்கும் வாய்ப்புண்டு. ஒல்லாந்தக் குழுமத்தின் முத்திரையும் ஆண்டும் துட்டில் இருப்பதால் கடைக்காரரிடம் அது உடனே பெயர் பெறுகிறது, ஏனையவை 'பழைய காசு' என்ற பொதுப்பெயரில் பொட்டலமாகி இடம் தெரியாமல் கைமாறுகின்றன. 'கங்கைகொண்ட சோழ' என்று வாசிக்கத்தக்க வெள்ளிக் காசு இவ்வாறு கைமாறினாலும், தன் அரசனையும் ஏறத்தாழத் தன் காலத்தையும் தானே சொல்லிவிடும். சேது காசுக்கு அது இயலாது. எந்த ஊரில், எந்த ஆழத்தில், எந்த மட்பாண்டத்தோடு, எத்தனை காசுகளோடு கிடைத்தது என்ற குறிப்பு இல்லாதபோது, அதை எந்தத் தலைமுறைக்கு உரியதெனச் சொல்ல அதிலுள்ள இரண்டு எழுத்தும் போதமாட்டா.